மூட்டு வலிக்கு எண்ணெய்: எதுவரை கை கொடுக்கும்?

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக வளைந்து வளைந்து ஏறும் பஸ், மடுல்கெல்லவில் நம்மை இறக்கிவிடும்போதே குளிர் உடம்பைத் தொட்டுவிடும். சுற்றிலும் தேயிலை. அதற்கும் மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர். மழைக்காலம் வந்துவிட்டால் பகலிலும் பனிமூட்டம் வாசற்படி வரை வந்து நிற்கும்.

இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. வீட்டில் அறுபத்தெட்டு வயது மாமியார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் உம்மும்மா. பல வருடங்களாக அவருக்கு இரண்டு முழங்கால்களும் வலி. நின்று தொழுபவர், ஸஜ்தாவிலிருந்து எழும்ப முடியாமல் கையை ஊன்றி, பிறகு சுவரைப் பிடித்து, கடைசியில் நாற்காலிக்கு வந்துவிட்டார். "உட்கார்ந்து தொழச் சலுகை இருக்கு என்று தெரியும். ஆனாலும் நெத்தி நிலத்தில் பட்டாத்தான் மனசு நிறையும்" என்று சொல்வார்.

ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு மருமகள் ஒரு கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கி வந்து, மாமியாரின் முழங்கால்களைப் பிடித்துவிடுவார். நல்லெண்ணெயில் இஞ்சி தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அதில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அன்று இரவு உம்மும்மா நன்றாகத் தூங்குவார். மறுநாள் ஸுபஹுக்கு எழும்புவதும் சற்று இலகுவாக இருக்கும்.

ஒரு நாள் இரவு, கால் பிடித்துக்கொண்டிருந்த மருமகளின் கையை உம்மும்மா பிடித்துக்கொண்டார்.

"மகள், ஒன்ட கை ஏன் முந்தி மாதிரி இல்ல? பிடியில பலம் இல்லையே. வெரலெல்லாம் சூடா வீங்கி ஈக்கிதே!"

"ஒண்டுமில்ல மாமி. குளிருக்குத்தான். நானும் அதே எண்ணெயத்தான் பூசுறன்."

"எத்தின நாளா?"

"போன நோன்புக்கு முந்தியிருந்தே…"

ஏறக்குறைய ஒன்றரை வருடம்! முப்பத்து நான்கு வயதுப் பெண். காலையில் எழும்பினால் விரல்களை மடக்க முடியாது. மாவு குழைக்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மாமியாருக்குச் சுகம் தரும் எண்ணெய் தனக்கும் தரும் என்று நம்பி, தன் விரல்களுக்கும் அதையே பூசி வந்திருக்கிறார்.

கண்டி ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இருவருக்கும் இருப்பது ஒரே நோய் அல்ல என்று தெரிந்தது. உம்மும்மாவுக்கு வயதோடு வரும் மூட்டுத் தேய்வு. மருமகளுக்கோ முடக்குவாதம். ஒரே எண்ணெய், ஒரே கை, ஒரே வீடு. ஒருவருக்கு அது ஆறுதல் தந்தது. மற்றவருக்கு ஒன்றரை வருடத்தைப் பறித்துவிட்டது.

சகோதரிகளே! நம் வீடுகளில் எண்ணெய்ப் போத்தல் இல்லாத அலுமாரி இல்லை. அந்த எண்ணெய் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வோமா?

வலி ஒன்று, நோய் பல

"வாதம்" என்ற ஒரே சொல்லால் நாம் எல்லா மூட்டு வலிகளையும் அழைத்துவிடுகிறோம். மருத்துவர்கள் பல வகைகளாகப் பிரிக்கிறார்கள். நம் வீடுகளில் அடிக்கடி காண்பவை நான்கு.

முதலாவது, மூட்டுத் தேய்வு. எலும்பு முனைகளில் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பு மெல்ல மெல்லத் தேய்கிறது. நடந்தால், படி ஏறினால் வலி கூடும். ஓய்வெடுத்தால் குறையும். காலையில் உள்ள விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 52 கோடியே 80 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் 60 சதவீதத்தினர் பெண்கள்.

இரண்டாவது, முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள், மணிக்கட்டு ஆகியவை ஒரே மாதிரி வீங்கும். தொட்டால் சூடாக இருக்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். களைப்பு இருக்கும். 2019இல் உலகில் சுமார் 1 கோடியே 80 இலட்சம் பேருக்கு இருந்த இந்நோயில், பத்துக்கு ஏழு பேர் பெண்கள். வயது போனவர்களுக்குத்தான் வரும் என்பதில்லை. பால் கொடுக்கும் இளம் தாய்க்கும் வரலாம்.

மூன்றாவது, கவுட். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டில் ஊசிபோன்ற படிகங்களாகச் சேர்வது. திடீரென்று ஓர் இரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் துடிக்க வைக்கும். ஆண்களுக்கே அதிகம். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும்.

நான்காவது, காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டு வலி. 2006-2007 காலத்தில் இலங்கையில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலியால் அவதிப்பட்டவர்கள் பலர். 2025லும் அந்த நோய் மீண்டும் தலைகாட்டியது.

குளிர் இந்த நோய்களை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் வலியைக் குளிரும் ஈரமும் கூட்டுவதாகப் பலர் உணர்கிறார்கள், அவ்வளவுதான். "மலைநாட்டுக் குளிருக்கு எல்லாருக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

பிடித்துவிட்டால் ஏன் சுகமாகிறது?

உடம்பு பிடித்துவிடுவது நமக்குப் புதிதல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா (980–1037) தமது 'கானூன்' என்ற மருத்துவ நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அழுத்தமாகத் தேய்ப்பது, மென்மையாகத் தேய்ப்பது, நீண்ட நேரம் தேய்ப்பது, நடுத்தரமாகத் தேய்ப்பது என வகை பிரித்து, ஒவ்வொன்றும் உடம்புக்கு என்ன செய்யும் என்று சொல்கிறார். யூனானி வைத்தியத்தில் இதற்கு 'தல்க்' என்று பெயர். கண்டி மன்னர்களின் அரச மருந்துச்சாலையிலும் முஸ்லிம் வைத்தியர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது, ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் கற்பிக்கப்பட்டது.

பிடித்துவிட்டால் வலி ஏன் குறைகிறது என்பதற்கு, 1965இல் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். முள்ளந்தண்டில் ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலியின் செய்தி அந்த வாசல் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. தோலைத் தடவும்போது அந்தத் தொடுகையின் செய்தியும் அதே வாசலுக்கு வருகிறது. நெருக்கத்தில் வாசல் பாதி மூடிக்கொள்ள, வலி குறைவாகவே உள்ளே போகிறது. பிள்ளை விழுந்து முழங்காலை அடித்துக்கொண்டால் நம் கை தானாகப் போய்த் தேய்த்துவிடுகிறதல்லவா? அதே சூட்சுமம்தான்.

இன்னொன்றும் உண்டு. மூட்டு வலித்தால் அதைச் சுற்றியுள்ள தசைகள் பயந்து இறுகிவிடும். இறுகிய தசை மேலும் வலிக்கும். கை பட்டதும் அந்த இறுக்கம் தளர்கிறது. மனமும் தளர்கிறது. தூக்கம் வருகிறது. தூங்கியவருக்கு மறுநாள் வலியைத் தாங்கும் சக்தி கூடுகிறது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முழங்கால் தேய்வுள்ள 222 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. வாரம் ஒரு முறை ஒரு மணி நேரமாக எட்டு வாரங்கள் பிடித்துவிடப்பட்டவர்களுக்கு, வெறுமனே கை வைக்கப்பட்டவர்களைவிடவும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடவும் வலியும் விறைப்பும் நன்றாகக் குறைந்தன. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவினருக்குமிடையே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. கைகளில் மூட்டு வலியுள்ள 22 பேரிடம் நடத்திய இன்னொரு சிறிய ஆய்வில், வாரம் ஒரு முறை பிறர் பிடித்துவிட, மற்ற நாட்களில் தாங்களே பிடித்துக்கொண்டவர்களுக்கு நான்கு வாரத்தில் வலி குறைந்து கைப்பிடியின் பலமும் கூடியது.

ஆகவே பிடித்துவிடுதல் வெறும் மனப்பிரமை அல்ல. உண்மையான சுகம்தான். ஆனால் அது தற்காலிகச் சுகம். தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது.

வாசனைத் தைலம் என்ன செய்கிறது?

மூலிகையை அல்லது வாசனைத் திரவியத்தைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயைப் பிரித்தெடுப்பதே வாசனைத் தைலம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றதல்ல இது. மிகவும் காரமானது. இந்தத் தைலங்களைக் கொண்டு செய்யும் சிகிச்சைக்கு 'அரோமாதெரபி' என்று பெயர் சூட்டியவர் கட்டபொஸே என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர். அவரது நூல் வெளிவந்தது 1937இல்.

ஆனால் பொருள்கள் நம் வீட்டு முற்றத்தில் உள்ளவைதாம்! நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஏலம் விளைந்தது. கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் கராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. கறுவா இலைத் தைலம் இலங்கையிலிருந்து உலகமெங்கும் போகிறது. யூகலிப்டஸ், விண்டர்கிரீன் போத்தல்கள் மலைநாட்டுக் கடைகளில் தொங்குகின்றன. 1934இல் தொடங்கிய சித்தாலேப தைலத்தை அறியாத வீடு நாட்டில் உண்டா?

இவை மூட்டுக்கு உதவுமா? ஹொங்கொங்கில் முழங்கால் வலியுள்ள 59 முதியோருக்கு இஞ்சித் தைலமும் தோடந் தைலமும் கலந்த எண்ணெயால் ஆறு முறை பிடித்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் வலி குறைந்திருந்தது. நான்கு வாரம் கழித்து அந்தப் பலன் நீடிக்கவில்லை. ஈரானில் 90 பேருக்கு லவெண்டர் தைலம் கொண்டு செய்த ஆய்வு 2016இல் வெளியானது. அதிலும் இதே கதைதான். பிடித்துவிட்ட உடனும் ஒரு வாரம் வரையும் சுகம். நான்காவது வாரத்தில் இல்லை.

"எண்ணெய் எலும்புக்குள் இறங்கி வாதத்தை இழுத்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி நடப்பதில்லை. எண்ணெய் கை வழுக்கிச் செல்ல உதவுகிறது. தைலத்திலுள்ள கற்பூரமும் மெந்தோலும் தோலின் நரம்புகளைத் தொட்டுச் சூடு போலவோ குளிர்ச்சி போலவோ உணரச் செய்கின்றன. வாசனை மனதை ஆற்றுகிறது. மீதி வேலை முழுவதும் கையினுடையது. அதனால் விலை கூடிய போத்தல் வாங்க வசதியில்லையே என்று எந்தச் சகோதரியும் கவலைப்பட வேண்டாம். வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயே போதும்!

வீட்டில் செய்யும் முறை

கலவை: இரண்டு மேசைக்கரண்டி (30 மில்லி லீட்டர்) நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய்க்கு, வாசனைத் தைலம் மொத்தமாக 6 சொட்டு போதும். உதாரணமாக இஞ்சித் தைலம் 3, தோடந் தைலம் அல்லது லவெண்டர் 3. வயது போனவர்களின் தோல் மெல்லியது. அதற்கு மேல் வேண்டாம். கறுவாப் பட்டைத் தைலத்தைத் தோலில் பூசவே கூடாது, எரித்துவிடும். கராம்பு, கறுவா இலைத் தைலங்களும் காரமானவை. பழக்கமில்லாதவர்கள் தவிர்த்துக்கொள்வது நல்லது.

சோதனை: முதல் நாள், முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டுக் கலவையைத் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தத் தைலம் உங்களுக்குச் சரிவராது.

சூடாக்குதல்: எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். வாசனைத் தைலம் கலந்த எண்ணெயை அடுப்பில் நேரடியாக வைக்க வேண்டாம், தீப்பற்றக்கூடியது. பூசுமுன் உங்கள் மணிக்கட்டில் ஊற்றிச் சூட்டைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம். சுடுவது அவர்களுக்கே தெரியாது.

முழங்காலுக்கு: அவரைச் சாய்ந்து அமர வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். முதலில் தொடையின் முன்பக்கத் தசையை, முழங்காலிலிருந்து மேல் நோக்கி, உள்ளங்கையால் நீளமாகத் தடவுங்கள். பிறகு மெல்லப் பிசைந்துவிடுங்கள். முழங்கால் சில்லைச் சுற்றி விரல் நுனிகளால் சிறு வட்டங்கள் போடுங்கள். சில்லின் மேல் அழுத்த வேண்டாம். முழங்காலின் பின்பள்ளத்தில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. அங்கே அழுத்தவே கூடாது. ஒரு காலுக்கு எட்டுப் பத்து நிமிடம் போதும்.

கைகளுக்கு: உள்ளங்கையில் பெருவிரலால் வட்டமாகத் தடவுங்கள். ஒவ்வொரு விரலையும் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி நீவுங்கள். விரலை இழுத்துச் சொடக்கு எடுக்க வேண்டாம். இதை நீங்களே உங்கள் கைக்குச் செய்துகொள்ளலாம்.

எவ்வளவு அழுத்தம்? "ஆ! நல்லா ஈக்கிது" என்று சொல்ல வேண்டும். முகம் சுளித்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். "வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் வாதம் போகும்" என்பது தவறு.

பிடித்து முடிந்ததும் தசை தளர்ந்திருக்கும். அதுதான் பயிற்சிக்கு நல்ல நேரம். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்துவிட்டு இறக்கவும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொடைத் தசை பலமானால் முழங்காலின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். எண்ணெய் தரும் சுகம் ஓர் இரவுக்கு. இந்தப் பயிற்சி தரும் பலன் நாட்பட நாட்படக் கூடும். உடல் எடையும் அப்படியே. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின் மீதான சுமை நான்கு கிலோ அளவு குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. எண்ணெய்க் காலோடு வுழூ செய்யும் இடத்துக்குப் போக விடாதீர்கள்! ஈரச் சீமெந்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், மூட்டு வலியைவிடப் பெரிய துன்பம். பாதங்களைத் துணியால் துடைத்து, செருப்பு அணிவித்த பிறகே எழும்பச் சொல்லுங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

மூட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் அதன் மேல் பிடித்துவிடக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம்.

ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், அது இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். விழுந்த பிறகு வந்த வலிக்கும், புண், தோல் வெடிப்பு உள்ள இடத்துக்கும் எண்ணெய் பூசிப் பிடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் எந்த வாசனைத் தைலத்துக்கும் முன்னர் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள மீதைல் சலிசிலேட் அஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு தேக்கரண்டித் தைலத்தில் உள்ள அளவு, இருபதுக்கும் மேற்பட்ட பெரிய அஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். வாசனை இனிப்பு மிட்டாய் போல இருப்பதால் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க அந்த ஒரு கரண்டி போதும். கற்பூரம், யூகலிப்டஸ் தைலங்களைக் குடித்தாலும் வலிப்பு வரலாம். தயவுசெய்து இந்தப் போத்தல்களைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வாபரின் மாத்திரை எடுப்பவர்கள் விண்டர்கிரீன் பூசவே வேண்டாம்.

ஒரே இரவில் வலியை நிறுத்தும் பெயரில்லாத தூள்கள், குளிசைகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் வீங்கும், எலும்பு தேயும், நீரிழிவு கூடும். பாமசியில் வாங்கும் வலி மாத்திரையும் நாள்கணக்கில் எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

காத்திருக்கக் கூடாத நோய்

மருமகளின் கதைக்கு வருவோம். முடக்குவாதத்தில் முதல் மாதங்கள் மிகவும் பெறுமதியானவை. வீக்கம் மூட்டை உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். அரித்ததை மீட்க முடியாது. ஆனால் காலத்தோடு மருந்து தொடங்கினால் நோயை அடக்கி வைக்கலாம். விரல்கள் கோணாமல் காக்கலாம். மெதொட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் இதற்குப் பயன்படுகின்றன. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. தவறி ஒவ்வொரு நாளும் எடுத்தால் பெரும் ஆபத்து. பிள்ளைப் பேற்றை எதிர்பார்ப்பவர்கள் அதை முதலிலேயே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் முன்னோரின் வைத்தியம் இதற்கு எதிரானதா? இல்லை. யூனானி வைத்தியர்கள் மூட்டு வலிக்குக் கொடுத்த சூரஞ்சான் என்ற கிழங்கு இனத்திலிருந்துதான், இன்று கவுட் நோய்க்கு டொக்டர்கள் எழுதும் கொல்சிசின் வந்தது. அந்த வைத்தியர்களும் நோயை இனங்கண்ட பிறகுதான் மருந்து கொடுத்தார்கள். எல்லா வலிக்கும் ஒரே போத்தலை அவர்கள் நீட்டவில்லை.

எனவே இந்த அடையாளங்களை நினைவில் வையுங்கள்: காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்குவது, வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நிற்பது, மோதிரம் கழற்ற முடியாமல் போவது, காரணமில்லாத களைப்பு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும், எண்ணெய் பூசிக்கொண்டே இருக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். பஸ் காசும், காலையில் வரிசையில் நிற்கும் பொறுமையும் தேவை. அந்த ஒரு நாளுக்கு வீட்டு வேலையை வேறொருவர் பார்க்க வேண்டும். அவ்வளவே.

அந்த 'வேறொருவர்' கிடைக்காததால்தான் நம் பெண்களில் பலர் போகாமலிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மாமியாரின் காலைப் பிடிக்கும் கைக்கு வலி இருக்குமா என்று யார் கேட்கிறார்கள்? பிள்ளை, சமையல், தோட்டத்துக் கடை, விருந்தாளி என்று ஓடும் கை அது. கணவன்மாரும் இதைப் படிக்க வேண்டும். மனைவி காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினால், அது ஏன் என்று கேளுங்கள்!

மடுல்கெல்ல வீட்டில் இப்போது என்ன நடக்கிறது? மருமகளின் மூட்டுகளில் இரண்டு விரல்கள் சற்று வளைந்துவிட்டன. அவை இனி நிமிராது. மற்றவை தப்பின. மருந்து எடுக்கிறார். வீக்கம் அடங்கியிருக்கிறது. உம்மும்மாவின் கால்களை இப்போது பேத்தி பிடித்துவிடுகிறாள், மருமகள் பக்கத்தில் அமர்ந்து "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக் கொடுக்கிறார்.

சில இரவுகளில் உம்மும்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாராம். "இஞ்ச கொண்டா மகள், ஒன்ட கைய" என்று மருமகளின் விரல்களை மடியில் வைத்து, வீக்கமில்லாத நாளாகப் பார்த்து, மெல்ல நீவிவிடுவாராம். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எப்போது என்றும் அவரே கேட்பாராம்.

எண்ணெய் அந்த வீட்டில் இன்றும் இருக்கிறது. அதன் இடம் எது என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். இன்ஷா அல்லாஹ், இன்றிரவு உங்கள் வீட்டிலும் யாருக்காவது கால் பிடித்துவிடுவீர்கள். முடிந்ததும் உங்கள் சொந்த விரல்களையும் ஒரு முறை மடக்கிப் பாருங்கள், சகோதரிகளே!